ஒலியைக் கண்ணுக்குக் காட்டும் பொதுவெளி நிறுவல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூங்கா, ரயில் நிலையம், அருங்காட்சியக முற்றம் போன்ற இடங்களில், வருபவரின் குரலோ கைத்தட்டலோ கண்முன்னே உருவமாக மாறும்படி நிறுவல் செய்ய நினைப்பவர்களுக்கான பக்கம் இது. கலைஞர்கள், பொறியாளர்கள், கல்லூரி மாணவர்கள், இடத்தைப் பராமரிக்கப் போகிறவர்கள் என எல்லோரும் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன.

ஒலியைப் "பார்ப்பது" என்றால் சரியாக எதைப் பார்க்கிறோம்?

இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதல் வகையில் ஒலியின் அதிர்வே பொருளை நகர்த்துகிறது. தகட்டின் மேல் மணல் கோடாக ஒதுங்குகிறது, தண்ணீரில் சிற்றலை நிற்கிறது, குழாய்க்குள் சிறு மணிகள் எழும்புகின்றன. இடையில் கணினி எதுவும் தேவையில்லை. இரண்டாம் வகையில் மைக் ஒலியைப் பிடிக்கிறது, ஒரு நிரல் அதை அளக்கிறது, அந்த அளவு விளக்காகவோ திரைப் படமாகவோ மாறுகிறது. இங்கே எந்த ஒலி எந்த நிறமாக வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கிறோம்.

முதல் வகை இயற்கையின் விதியைக் காட்டுகிறது, இரண்டாம் வகை நாம் வகுத்த விதியை. இரண்டுக்கும் பொதுவான சோதனை ஒன்றுதான்: எதிரே நிற்பவர், "இது என் சத்தத்தால்தான் நடக்கிறது" என்று முதல் நொடியிலேயே உணர வேண்டும். கீழே வரும் அளவுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நொடிக்காகத்தான்.

இதை முதலில் செய்தவர்கள் யார்?

1680-இல் ராபர்ட் ஹூக் மாவு தூவிய கண்ணாடித் தகட்டை வில்லால் தேய்த்துக் கோலங்கள் தோன்றுவதைக் கண்டார். 1787-இல் எர்ன்ஸ்ட் கிளாட்னி அதை முறையாக ஆராய்ந்து நூலாக வெளியிட்டார், அதனால் அந்த உருவங்களுக்கு அவர் பெயரே நிலைத்தது. அவற்றின் கணிதத்தை விளக்கியதற்காக 1816-இல் ஸோஃபி ஜெர்மேன் பிரெஞ்சு அகாதெமியின் பரிசைப் பெற்றார். 1831-இல் மைக்கேல் ஃபாரடே, அதிரும் பாத்திரத்தில் உள்ள நீரின் அலைகளை ஆராய்ந்தார். 1857-இல் லிஸாஜூ, இசைக்கவையில் ஒட்டிய கண்ணாடியில் ஒளிக்கற்றையைத் தெறிக்கவிட்டு வளைகோடுகளை வரைந்தார். 1885-இல் வேல்ஸ் நாட்டுப் பாடகி மார்கரெட் வாட்ஸ் ஹியூஸ் தன் குரலாலேயே சவ்வின் மேல் உருவங்களை எழுப்பும் ஈடோஃபோனைச் செய்தார். சி.வி. ராமன் 1934-இல் வெளியிட்ட ஆய்வில் மிருதங்கத் தோலின் மேல் மணல் தூவி அதன் அதிர்வு வடிவங்களைப் படமெடுத்துக் காட்டினார்.

பொதுவெளியில் செய்யப்பட்டவற்றில் எவற்றைப் பார்த்துக் கற்கலாம்?

கலைஞர் ரஃபேல் லொஸானோ-ஹெம்மரின் இரு படைப்புகளைச் சொல்வோம். 2008-இல் மெக்ஸிகோ நகரின் த்லாதெலோல்கோ சதுக்கத்தில் அவர் செய்த "வோஸ் ஆல்தா", 1968-இல் அங்கே நடந்த மாணவர் படுகொலையின் நாற்பதாம் ஆண்டு நினைவாக அமைந்தது. யார் வேண்டுமானாலும் ஒலிபெருக்கியில் பேசலாம். பேச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப ஒரு தேடுவிளக்கு வானில் மின்னியது, பேச்சு நின்றால் விளக்கும் அணைந்தது. அந்த ஒளி என்ன சொல்கிறது என்பதைத் தொலைவில் இருப்பவர்கள் பண்பலை வானொலியில் கேட்க முடிந்தது. ஒரே ஒரு அளவு, அதாவது குரலின் வலிமை, அதற்கேற்ற வெளிச்சம். அவ்வளவு எளிமையான மாற்றம் ஒரு நகரத்தையே எட்டியது.

2013-இல் நியூயார்க்கின் பார்க் அவென்யூ சுரங்கப்பாதையில் அவர் அமைத்த "வாய்ஸ் டனல்" 300 விளக்குகளைக் கொண்டது. நடுவில் பேசிய குரல் இருபுறமும் விளக்கு விளக்காக நகர்ந்து சென்றது. 2003-இல் கோலன் லெவினும் ஸக்கரி லீபர்மனும் செய்த "மெஸ்ஸா டி வோச்சே" மேடைக்கானது என்றாலும், குரல் வாயிலிருந்தே புறப்பட்டுத் திரையில் உருவம் கொள்வதுபோல் காட்டுவது எப்படி என்பதற்கு நல்ல பாடம்.

முதன்முறை செய்பவர் எதில் தொடங்கலாம்?

உள்ளரங்கம் என்றால் கிளாட்னி தகடு. வெளியிடம் என்றால் குரலுக்கேற்ப ஒளிரும் எல்இடி கம்பம். தண்ணீரும் கண்ணாடிக் குழாயும் அழகானவை, ஆனால் தினமும் ஒருவர் கவனிக்க வேண்டும்.

கிளாட்னி தகட்டுக்கு என்னென்ன வேண்டும்?

24 செ.மீ. சதுர அலுமினியத் தகடு, 1 மி.மீ. கனம், நடுவில் 4 மி.மீ. துளை. அதிர்வு தருவதற்கு ஆய்வகங்களில் பயன்படும் அதிர்வி, அல்லது நடுவில் தண்டு ஒட்டிய 4 அங்குல வூஃபர். 20 முதல் 30 வாட் ஆம்ப்ளிஃபையர். 100 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை தூய சைன் அலை தரும் நிரல். பார்வையாளர் திருப்ப ஒரு பெரிய குமிழ்.

தகட்டின் அளவை மாற்றினால் அதிர்வெண்ணும் மாறும். கனத்தை இரட்டிப்பாக்கினால் ஒவ்வொரு உருவமும் இரு மடங்கு அதிர்வெண்ணில் வரும், பக்க நீளத்தை இரட்டிப்பாக்கினால் நான்கில் ஒரு பங்காக இறங்கும். ஆகவே பெரிய தகடு வேண்டுமென்று பக்கத்தை மட்டும் கூட்டினால் உருவங்கள் தாழ்ந்த ஒலிக்குப் போய்விடும். அங்கே தகடு அதிகமாகத் துள்ளி மணலைச் சிதறடிக்கும்.

குமிழ்தான் பலர் கோட்டைவிடும் இடம். ஒரு சுற்றுக்கு 24 படிகள் கொண்ட சாதாரண குமிழில் ஒரு சுற்று ஒரு ஸ்தாயி என்று வைத்தால், 1,000 ஹெர்ட்ஸ் அருகே ஒவ்வொரு படியும் சுமார் 29 ஹெர்ட்ஸ் தாண்டும். உருவம் தோன்றும் ஒத்ததிர்வோ அதைவிடக் குறுகலானது. குமிழ் அதைத் தாண்டிக் குதித்துவிடும், பார்வையாளர் எதையும் காணாமல் போய்விடுவார். ஒரு சுற்றுக்கு 600 துடிப்புள்ள என்கோடர் (குமிழ் சுழல்வதை எண்ணும் உணரி) போட்டால் அதே இடத்தில் படி 1.2 ஹெர்ட்ஸ் ஆகிறது. மணல் கோடு மெல்லக் கலைந்து அடுத்த கோலமாகக் கூடுவதைக் கையால் உணர்ந்தபடியே பார்க்கலாம்.

மணல் கோலம் சரியாக வரவில்லை, ஏன்?

முதலில் ரசமட்டம் வைத்துத் தகடு சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சிறு சாய்வு இருந்தாலும் மணல் ஒரு பக்கமே போகும். அடுத்து மணலின் பருமன்: 0.2 முதல் 0.5 மி.மீ. வரையிலான உலர்ந்த, சலித்த மணல் நல்லது. முறத்தில் தானியம் ஒதுங்குவதுபோல் இந்தப் பருமணல் அதிரும் இடத்திலிருந்து விலகி, அதிராத கணுக் கோடுகளில் சேரும். மிக நுண்ணிய தூள் நேர்மாறாக, அதிகம் அதிரும் இடத்திலேயே குவியும், ஏனென்றால் தகட்டின் மேல் உண்டாகும் காற்றோட்டம் அதை அங்கே இழுத்துச் செல்கிறது. இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தவரும் ஃபாரடேதான். உப்பு முதல் நாள் நன்றாக வரும், பிறகு ஈரம் உறிஞ்சிக் கட்டியாகும்.

குறைவாகப் போடுங்கள். மேற்சொன்ன அளவுக்கு ஒன்றிரண்டு தேக்கரண்டி போதும். கீழே ஒரு தட்டு வைத்து, சிந்துவதை மாலையில் மறுபடி சலித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: தகட்டை நடுவில் அதிரச் செய்தால், நடுப்புள்ளி அதிரும் உருவங்கள் மட்டுமே வரும். நடுவே கணுக்கோடு செல்லும் உருவங்களை அங்கிருந்து தூண்டவே முடியாது. அவை வேண்டுமானால் அதிர்வியை மூலைக்கு அருகே நகர்த்துங்கள்.

பக்கத்தில் நிற்பவர்களுக்குச் சத்தம் தொல்லையாக இருக்காதா?

இருக்கும். 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் தூய ஒலி காதைக் குத்தும். 5 மி.மீ. தெளிவான அக்ரிலிக் பெட்டியால் மூடுங்கள், ஓரங்களில் நுரைப்பட்டை ஒட்டுங்கள். குமிழ் 20 நொடி அசையாவிட்டால் ஒலி தானே அடங்கட்டும். அது ஸ்பீக்கரையும் காப்பாற்றும்: தொடர்ந்து ஒலிக்கும் சைன் அலை சுருளைச் சூடாக்கிக் கருக்கிவிடும், ஆகையால் ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட்டில் கால் பங்குக்கு மேல் செலுத்த வேண்டாம்.

குமிழ் வேண்டாம், நேரடியாகப் பாடினாலே உருவம் வர வேண்டும். முடியுமா?

முடியும், அதுதான் ஈடோஃபோன். 4 அங்குல பிவிசி எல்போவின் மேல்வாயில் மெல்லிய ரப்பர் சவ்வைத் தளர்ச்சியில்லாமல் இழுத்துக் கட்டி, மேலே சிட்டிகை மணல் தூவி, இன்னொரு வாயில் ஒரே சுருதியில் நீட்டிப் பாட வேண்டும். பேச்சுக்கு உருவம் வராது, சுருதி நிலைக்க வேண்டும். "ஊ" என்று தாழ்ந்த குரலில் தொடங்கி மெல்ல மேலே ஏறச் சொல்லுங்கள், ஏதோ ஓரிடத்தில் மணல் சட்டென்று வளையமாகும். அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மூச்சு முடியும்வரை பாடுவதைப் பார்த்தால், இந்த எளிய கருவிக்கு இணையில்லை என்று புரியும். பலர் வாய் வைக்கும் இடம் என்பதால் கழற்றிக் கழுவும் வாய்க்குழல்கள் தேவை. ரப்பர் சவ்வு வெயிலிலும் வியர்வையிலும் தளர்ந்துபோகும், மாற்றுச் சவ்வுகளைக் கையில் வைத்திருங்கள்.

தண்ணீரில்?

20 முதல் 30 செ.மீ. விட்டமுள்ள, அடி கறுப்பான தட்டில் 3 முதல் 5 மி.மீ. ஆழ நீர். மேலே வளைய வடிவ விளக்கு. 15 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை கீழிருந்து அதிர்வு. வலிமை ஓர் எல்லையைத் தாண்டியதும் அலைக்கோலம் திடீரென்று எழும், செலுத்தும் அதிர்வெண்ணில் பாதி வேகத்தில் அது ஆடும். நீர் ஆவியாகி ஆழம் குறைவதும், விரலில் இருந்த எண்ணெயோ சோப்போ மேற்பரப்பு இழுவிசையைக் கெடுப்பதும்தான் வழக்கமான சிக்கல்கள். மூடி போடுங்கள், தினமும் நீரை மாற்றுங்கள்.

கண்ணாடிக் குழாயில் மணிகள் எழும்புமே, அது எப்படி?

1866-இல் ஆகஸ்ட் குண்ட் செய்த சோதனையின் பெரிய வடிவம் அது. 2 மீட்டர் நீளம், 5 செ.மீ. உள்விட்டமுள்ள தெளிவான அக்ரிலிக் குழாய். ஒரு முனையில் ரப்பர் வளையத்தோடு இறுக்கமாகப் பொருத்திய ஸ்பீக்கர், மறுமுனை மூடியிருக்கும். உள்ளே 1 முதல் 2 மி.மீ. பாலிஸ்டைரீன் மணிகள், குழாயின் அடியில் மெல்லிய படலமாக. 343 ஹெர்ட்ஸ் செலுத்தினால் சுமார் 50 செ.மீ. இடைவெளியில் மணிகள் திரைபோல எழுந்து நிற்கும். குழாயின் மேல் அளவுகோல் ஒட்டிவிட்டால் பார்வையாளரே கணக்குப் போடலாம்: இடைவெளியை இரட்டித்து அதிர்வெண்ணால் பெருக்கினால் ஒலியின் வேகம், நொடிக்கு 343 மீட்டர்.

அது 20 டிகிரி செல்சியஸில். ஒரு டிகிரி கூடினால் வேகம் சுமார் 0.6 மீட்டர் கூடும். 35 டிகிரியில் ஏறத்தாழ 352 ஆகிவிடும். காலையில் துல்லியமாக அமைத்த பொத்தான்கள் நண்பகலில் வேலை செய்யாததற்குக் காரணம் இதுதான். நிலையான பொத்தான்களுக்குப் பதில் குமிழ் வையுங்கள், அல்லது ஒரு வெப்ப உணரி வைத்து நிரல் தானே அதிர்வெண்ணைத் திருத்தட்டும். மணிகள் குழாயில் ஒட்டிக்கொண்டால் அது நிலைமின்சாரம். நிலைமின் நீக்கித் தெளிப்பை உள்ளே லேசாகத் தெளித்து உலர்த்திவிட்டு மணிகளைப் போடுங்கள்.

தீச்சுடர் வரிசைக் குழாய் வைக்கலாமா?

1905-இல் ஹைன்ரிக் ரூபன்ஸ் காட்டிய அந்தக் குழாய் எரிவாயுவில் இயங்குவது. பயிற்சி பெற்றவர் இயக்கும் மேடைக் காட்சிக்கு மட்டுமே ஏற்றது. பொதுமக்கள் தாமே இயக்கும் நிறுவலில் வேண்டாம்.

எல்இடி குரல் கம்பத்துக்குப் பொருள் பட்டியல் தர முடியுமா?

3 மீட்டர் உயரம், நான்கு முகங்கள் கொண்ட கம்பத்துக்கு:

- 12 வோல்ட் டபிள்யூஎஸ்2815 ஸ்ட்ரிப் (ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியே இயக்கக்கூடிய எல்இடி பட்டை), மீட்டருக்கு 60 விளக்கு, முகத்துக்கு 3 மீட்டர். மொத்தம் 720 விளக்குகள்.
- 12 வோல்ட், 15 ஆம்பியர் பவர் சப்ளை, ஐபி67 (தூசியும் நீரும் புகாத தரம்). விளக்குக்கு 15 மில்லி ஆம்பியர் என்று கொண்டால் முழு வெள்ளையில் 10.8 ஆம்பியர், அதாவது 130 வாட். மீதி இடைவெளி சூட்டுக்கு.
- ஈஎஸ்பி32 கட்டுப்பாட்டுப் பலகை, அதன் 3.3 வோல்ட் சைகையை 5 வோல்ட்டுக்கு உயர்த்த 74எச்சிடி245 சில்லு.
- முகத்துக்கு ஒன்றாக நான்கு ஐ2எஸ் மைக் (ஒலியை எண்களாகவே பலகைக்கு அனுப்புபவை), உச்சியில் சுற்றுப்புறத்தை அளக்க இன்னொன்று. ஒரு ஐ2எஸ் இணைப்பில் இரண்டு மைக்தான் ஏறும், ஆதலால் ஐந்து மைக்குக்கு ஒரே பலகை போதாது: முகங்களை இரண்டிரண்டாகப் பிரித்து இரு பலகைகள், உச்சி மைக்குக்கு மூன்றாவது.
- ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் 330 ஓம் ரெசிஸ்டர், மின்சாரம் நுழையும் இடத்தில் 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்.
- பால்நிற அக்ரிலிக் உறை, ஸ்ட்ரிப்பிலிருந்து குறைந்தது 2 செ.மீ. தள்ளி. ஒட்டி வைத்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

தரவை நான்கு தனித் தடங்களில் அனுப்புங்கள். ஒரு விளக்குக்கு 30 மைக்ரோ நொடி ஆகும். 720-ஐயும் ஒரே வரிசையாகக் கோத்தால் ஒரு படத்துக்கு 21.6 மில்லி நொடி, 180 வீதம் நான்காகப் பிரித்தால் 5.4. மின்சாரத்தை ஒவ்வொரு முகத்துக்கும் இரு முனைகளிலிருந்தும் கொடுங்கள். ஒரு முனையில் மட்டும் கொடுத்தால் கம்பியில் வோல்ட் இறங்கி, மறுமுனை மங்கும் அல்லது மினுக்கும். பலகைகள், பவர் சப்ளை எல்லாவற்றின் தரைக் கம்பியும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். "விளக்குகள் இஷ்டத்துக்கு எரிகின்றன" என்று வரும் புகார்களில் பெரும்பகுதி இதனால்தான்.

மைக்கை எங்கே வைப்பது?

நிறுவல் வெல்வதும் தோற்பதும் இங்கேதான். சாதாரணப் பேச்சு 1 மீட்டரில் சுமார் 60 டெசிபல். வாகனங்கள் ஓடும் தெரு 70 முதல் 75. அப்படியானால் 1 மீட்டர் தள்ளிப் பேசும் குரல் தெருச் சத்தத்துக்குக் கீழே மூழ்கியிருக்கிறது, எந்த நிரலாலும் அதை நம்பகமாக மீட்க முடியாது. தூரம் பாதியாகக் குறையும்போதெல்லாம் 6 டெசிபல் கூடும், 10 செ.மீ. தூரத்தில் அதே பேச்சு 80 டெசிபல் ஆகிறது, தெருவை வென்றுவிடுகிறது. ஆகவே பேசுபவரை மைக்கின் அருகே வரவைக்கும் வடிவம் வேண்டும்: கம்பத்தில் கிண்ணம்போல் ஒரு குழிவு, அதன் அடியில் மைக். அந்த வடிவத்தைப் பார்த்ததுமே வாயை அருகே கொண்டுபோகத் தோன்றும்.

உயரம் இரண்டு வையுங்கள். நிற்பவர்களுக்கு 140 முதல் 150 செ.மீ., குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் 90 முதல் 110 செ.மீ. ஒரே முகத்தில் இரு மைக் வைப்பதைவிட, இரண்டு முகங்களைத் தாழ்வாகவும் இரண்டை உயரமாகவும் அமைப்பது எளிது. புளூடூத் மைக் கூடவே கூடாது, தாமதம் 100 மில்லி நொடியைத் தாண்டும்.

தெருச் சத்தத்துக்கே விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. என்ன செய்வது?

நிலையான வாசல் அளவு (விளக்கை எழுப்பத் தேவையான குறைந்தபட்ச ஒலி) வைத்திருப்பீர்கள். காலைக்குச் சரியானது மாலைக்குச் சரிப்படாது. ஒவ்வொரு அதிர்வெண் பட்டைக்கும் கடந்த 60 நொடியில் மிகத் தாழ்ந்த 20 விழுக்காட்டு அளவை அடித்தளமாக எடுத்து, அதைவிட 8 முதல் 10 டெசிபல் மேலே போனால் மட்டும் விளக்கை எழுப்புங்கள். இதில் ஒரு பொறி உண்டு: ஒருவர் நீண்ட நேரம் ஒரே சுருதியில் பாடினால் அடித்தளம் அவர் குரலுக்கே ஏறி, விளக்கு மெல்ல அணைந்துவிடும். மிக நன்றாக ஈடுபடுபவருக்குத்தான் இந்தத் தண்டனை கிடைக்கும். அதனால் அடித்தளம் 5 நொடிக்கு 1 டெசிபலுக்கு மேல் ஏறாதபடி கட்டுப்படுத்துங்கள், இறங்குவது வேகமாக இருக்கலாம். உச்சி மைக்கிலும் முகத்து மைக்கிலும் ஒரே அளவு ஏறினால் அது பேருந்து. முகத்தில் மட்டும் ஏறினால் அது மனிதர்.

காற்றுக்கு: மைக் வாயில் நுரை உறை, நிரலில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி. ஆழ்ந்த குரல்களின் அடிச்சுருதி 85 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்றாலும் அவற்றின் மேற்சுரங்களிலிருந்தே சுருதியைக் கண்டுபிடித்துவிடலாம்.

எஃப்எஃப்டி (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) அளவு எவ்வளவு வைக்கலாம்?

நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்தால், 1,024 மாதிரிகள் 23 மில்லி நொடி நீளமும் 43 ஹெர்ட்ஸ் பட்டை அகலமும் தரும். 2,048 என்றால் 46 மில்லி நொடி, 21.5 ஹெர்ட்ஸ். சுருதியில் துல்லியம் கூடக்கூடத் தாமதமும் கூடும், இரண்டையும் ஒரே கணக்கில் பெற முடியாது. வேலையைப் பிரித்துவிடுங்கள்: வெளிச்சத்தின் அளவை 5 மில்லி நொடித் துண்டின் சராசரி வலிமையிலிருந்து உடனே எடுங்கள், நிறத்தை 2,048 மாதிரிகளின் ஆய்விலிருந்து எடுங்கள், ஒவ்வொரு 256 மாதிரிக்கும் ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு. ஒளி குரலோடு சேர்ந்தே எழும், நிறம் ஒரு கணம் கழித்துக் கூடும். கண் அதைத் தாமதம் என்று எண்ணாது. சுருதியை மட்டும் காட்டுவதென்றால் 2002-இல் வெளியான, சுருதியைக் கண்டறியும் யின் முறை எஃப்எஃப்டியைவிட நன்றாகப் பிடிக்கும்.

எவ்வளவு தாமதம் பொறுக்கலாம்?

மொத்தம் 45 மில்லி நொடிக்குள் முடியுங்கள். ஒளிபரப்புத் துறைக்கான ஐடியு (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரைப்படி, ஒலி படத்தைவிட 45 மில்லி நொடி முந்தினாலே மனிதர் கண்டுபிடித்துவிடுவார், பிந்தினால் 125 வரை கவனிக்க மாட்டார். இயற்கையில் ஒளி முதலில் வந்து ஒலி பின்னால் வருவதுதான் நமக்குப் பழக்கம். நம் நிறுவல்களிலோ எப்போதும் ஒலி முந்துகிறது, விளக்கு பிந்துகிறது. கடினமான எல்லைதான் நமக்கு வாய்த்திருக்கிறது. மேற்சொன்ன கம்பத்தில் 20 மில்லி நொடிக்குள் முடித்துவிடலாம். புரொஜெக்டர் என்றால் படத்தை மெருகேற்றும் வசதிகளையெல்லாம் அணைத்து, கேம் முறையில் ஓட்டுங்கள்.

எந்த ஒலிக்கு எந்த உருவம் கொடுப்பது?

குறைவாகக் கொடுங்கள். எங்கள் பரிந்துரை மூன்று: வலிமைக்கு வெளிச்சம், சுருதிக்கு நிறம், காலத்துக்கு நகர்வு. இப்போது ஒலிப்பது கம்பத்தின் அடியில் தோன்றி நொடிக்கு 1 மீட்டர் வீதம் மேலேறட்டும். மூன்று நொடிப் பேச்சு கம்பம் முழுக்க எழுதப்பட்டதுபோல் நிற்கும். "அம்மா" என்றால் முதல் உயிர் ஓர் ஒளிப்பட்டை, "ம்"-இல் மங்கி, மறுபடி நீண்ட பட்டை. "பட்டம்" என்றால் "ட்" வரும் இடத்தில் ஒரு சிறு இருள் இடைவெளி தெளிவாகத் தெரியும், நாக்கு காற்றை அடைத்த கணம் அது. "ஸ்" என்ற ஒலியின் ஆற்றல் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதால் அதற்கு வெள்ளைப் பொறி கொடுத்தால் குழந்தைகள் விடமாட்டார்கள்.

சுருதியை ஹெர்ட்ஸ் அளவில் நேராக நிறத்துக்கு மாற்றினால் ஆண் குரல்கள் எல்லாம் ஒரே நிறத்தில் அடைபடும். ஸ்தாயிக் கணக்கில் மாற்றுங்கள்: 80 முதல் 640 ஹெர்ட்ஸ் வரை மூன்று ஸ்தாயிகள், மூன்றுக்கும் சமமான நிற இடம். சிவப்பு-பச்சை வேறுபாட்டை மட்டும் நம்ப வேண்டாம், அதைப் பிரித்தறிய முடியாதவர்கள் பலர். நீலத்திலிருந்து மஞ்சள் வரை செல்லும் வரிசை எல்லோருக்கும் விளங்கும்.

வெளிச்சம் எழுவது 10 மில்லி நொடியில், அடங்குவது 300 முதல் 500 மில்லி நொடியில் இருக்கட்டும். இரண்டும் வேகமாக இருந்தால் விளக்கு நடுங்கும்.

மக்கள் நின்று பார்க்கிறார்கள், பேசுவதில்லை. என்ன குறை?

யாரும் இல்லாதபோது அழகாக ஓடட்டும் என்று முன்பே செய்த அசைவுப் படம் ஒன்றைப் போட்டிருப்பீர்கள். அதைப் பார்ப்பவர் இது வெறும் அலங்கார விளக்கு என்று முடிவுகட்டிக் கடந்துவிடுவார். அதை எடுத்துவிடுங்கள். ஆளில்லாத நேரத்தில் கம்பம் மங்கலாக, ஆனால் உண்மையான ஒலிக்கே அசையட்டும்: காலடி ஓசை, பையின் ஜிப், தூரத்துச் சிரிப்பு. கடந்து செல்பவர் தன் செருப்புச் சத்தத்துக்கு ஒளி துடிப்பதைக் கண்டால் நின்று கைதட்டிப் பார்ப்பார். கைதட்டியவர் அடுத்து குரல் கொடுப்பார். நீண்ட அறிவிப்புப் பலகை வேண்டாம், குழிவின் மேல் ஒரு வாயின் படம் போதும்.

பகல் வெளிச்சத்தில் தெரியுமா?

நேர் வெயிலில் எல்இடி ஸ்ட்ரிப் தெரியாது. நிழலான இடம், மேற்கூரை, அல்லது மாலை நேரம். பகலில் ஓட வேண்டுமென்றால் புரளும் தகடுகளால் ஆன பலகை போன்ற, தானே ஒளிராமல் வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

மின்னும் ஒளியால் ஆபத்து உண்டா?

ஒளியால் வலிப்பு தூண்டப்படுபவர்கள் இருக்கிறார்கள், பொதுவெளியில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. நொடிக்கு மூன்று மின்னலுக்கு மேல் விடாதீர்கள். வேகமாகக் கைதட்டினால் நொடிக்கு ஐந்தாறு வரும். ஆகவே நிரலில் எண்ணிக்கை வையுங்கள்: ஒரு நொடிக்குள் மூன்று முறை எழுந்துவிட்டால், அடுத்தவற்றுக்கு விளக்கு அணையாமல் நிலையாக நிற்கட்டும். அடர் சிவப்பு மின்னலைத் தவிர்த்துவிடுங்கள். அதிரும் கம்பியையோ நீரோட்டத்தையோ நிறுத்திக் காட்ட 15 முதல் 25 ஹெர்ட்ஸ் வரை மின்னும் விளக்கு வைப்பது மிக ஆபத்தான வீச்சு, அதைச் செய்யவே வேண்டாம். லேசர் வைத்தால் 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத இரண்டாம் வகுப்பு, அதுவும் கண் உயரத்தில் படாதபடி.

குரலைப் பதிவு செய்யலாமா?

தேவையில்லாவிட்டால் செய்யாதீர்கள். கம்பத்துக்கு அளவுகள் மட்டும் போதும், ஒலித் துண்டு சில மில்லி நொடியில் அழிந்துவிடும். இணைய இணைப்பே கொடுக்காமல் கட்டுங்கள், "குரல் பதிவாகவில்லை" என்று எழுதி வையுங்கள். பழைய குரல்களை மீண்டும் ஒலிக்கும் படைப்பு என்றால், பேசுவதற்கு முன்பே அது தெரியும்படி எழுதுங்கள், உங்கள் ஊர்ச் சட்டத்தையும் பாருங்கள்.

காது கேளாதவர்களுக்கு இது எப்படி?

அவர்களுக்கு இது முக்கியமான இடம். தன் குரல் உண்டாக்கும் வேறுபாட்டைக் கண்ணால் காண்பதோடு கையாலும் உணர, கம்பத்தில் மார்பு உயரத்தில் ஒரு மரப்பலகையைப் பொருத்தி அதன் பின்னால் ஒட்டு அதிர்வி வையுங்கள். மைக் சைகையின் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழான பகுதியை அதற்கு அனுப்புங்கள், விரல் நுனி நன்றாக உணரும் வீச்சு அது. அந்த அதிர்வு கம்பம் வழியாக மைக்குக்குத் திரும்பிச் சுழலாமல் இருக்க, மைக்கை ரப்பர் வளையத்தில் தொங்கவிடுங்கள். வடிவமைக்கும்போதே காது கேளாதவர்களை அழைத்துக் கேளுங்கள்.

மழை, மின் பாதுகாப்பு?

மெயின் மின்சாரம் பூட்டிய பெட்டியோடு நிற்கட்டும், கம்பத்துக்குள் 12 வோல்ட் மட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் கட்டாயம். பெட்டியை முழுக்க அடைத்தால் இரவில் உள்ளே நீர் பூக்கும், ஆகவே காற்று போகும் ஆனால் நீர் புகாத சவ்வுத் துளை ஒன்றை அடிப்பக்கம் வையுங்கள். மைக் துளைக்கும் அதே வகை மெல்லிய சவ்வு போதும். சிலிக்கோன் பசையால் துளையை அடைத்துவிட்டு "மைக் வேலை செய்யவில்லை" என்று தேடுவது அடிக்கடி நடக்கிறது.

முதலில் பழுதாவது எது?

மைக் துளை. தூசி, சிலந்திக்கூடு, சூயிங்கம். விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், உணர்திறன் மட்டும் நாளுக்கு நாள் இறங்கும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அதனால் கம்பமே தன்னைச் சோதித்துக்கொள்ளட்டும்: ஒவ்வொரு குழிவுக்கு எதிரிலும் ஒரு சிறு பஸ்ஸர், ஆளில்லாத அதிகாலையில் 1,000 ஹெர்ட்ஸில் இரண்டு நொடி ஒலிக்கும், அந்தந்த மைக் காட்டும் அளவை முதல் நாள் குறித்த அளவோடு நிரல் ஒப்பிடும். 6 டெசிபல் குறைந்திருந்தால் அந்த முகத்தின் அடியில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரியட்டும். பராமரிப்பவர் துருப்பிடிக்காத நுண்வலையைக் கழற்றி, மென்தூரிகையால் தட்டி, மாட்டிவிடலாம். சவ்வின் மேல் அழுத்தக் காற்று அடிக்கக் கூடாது, கிழிந்துவிடும்.